புஸ்வாணப் பெட்டியில் உன் சிரிப்பு

மாப்ள,

புஸ்வாணப் பெட்டி ஒன்று என் மேஜையில் கிடக்கிறது. அதன் மேல், கீழிருந்து அடிக்கிற வெளிச்சத்தில் உன் முகம், அதே சிரிப்போடு. "இந்த மூஞ்சி பழசாயிருச்சு, இந்த சீசனுக்கு வேற போடுங்க" என்று புது முதலாளி சொல்லிவிட்டார். அது நீதான் என்று அவருக்குத் தெரியாது. நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. உன்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் யாரை வைக்க? நாள்கணக்காகக் கையே ஓடவில்லை.

முன்பும் ஒரு தடவை இப்படி முழித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? சிவகாசியில் நீயும் நானும் எதிரெதிரே உட்கார்ந்து பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வரைந்த காலம். புஸ்வாணத்துக்கு நான் போட்ட படமெல்லாம் திரும்பி வந்தன. பொறியை உயரமாக்கினேன், நிறத்தைக் கூட்டினேன், ஒன்றும் எடுபடவில்லை. விருதுநகரில் சித்தப்பாவின் வத்தல் கடைக்கே போய்விடலாம் என்று பையை எடுத்துவிட்டேன். நீ வந்து மறித்தாய்.

"தாளப் பாத்தா தாளுதாம்லே தெரியும். எந்திரி."

உன் வேலையையும் அப்படியே போட்டுவிட்டு, என்னை வண்டியில் ஏற்றிக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போனாய். "ஏலே, வருஷம் பூரா இதத்தான் வரையிதோம். கொளுத்திப் பாத்து எம்புட்டு நாளாச்சு?" வெடி என்றாலே நமக்கு வேலைதானே!

ஒரு புஸ்வாணத்தைப் பற்றவைத்தாய். சர்ரென்று எழும்பியது. அது அடங்குகிற நேரத்தில் நிமிர்ந்தால், எதிரே உன் முகம், சிரித்தபடி. வாணமே இல்லாமல் அந்த முகத்தை மட்டும் வரைந்து கொடுத்தேன். "வாணம் எங்கய்யா?" என்று கேட்ட பழைய முதலாளி, தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு நேரே அச்சுக்கு அனுப்பிவிட்டார்.

அடேயப்பா, நீ என்ன மனுஷன்! உனக்கும் படம் வராத நாள்கள் உண்டு. ஆனால் நீ தாளோடு மல்லுக்கட்டி நான் பார்த்ததில்லை. எழுந்து போய் அச்சு மெஷின்காரரிடம் வம்பளப்பாய், டீக்கடையில் யாரையாவது கிண்டல் பண்ணுவாய், திரும்பி வந்தால் கை தானாக ஓடும். நன்றாக வந்த படத்தைக்கூட "இதுல நாந்தான் தெரியிதேன், படத்தக் காணோம்" என்று கிழித்துப் போடுவாய். அந்தத் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நேற்று நானும் எழுந்துவிட்டேன். தாயில்பட்டிக்கு, உன் வீட்டுக்குப் போனேன். படத்தை மாற்றச் சொல்கிறார்கள் என்று உன் பெண்டாட்டியிடம் எப்படியோ சொல்லி முடித்தேன். தங்கச்சி சிரித்தாள்.

"மாத்துங்கண்ணே. அவுக இருந்தா, இதுக்கா இம்புட்டு யோசனன்னு வைவாக. அன்னைக்குக் கண்மாய்ல இருந்து வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாக, தெரியுமா? அவுக வாணத்தப் பாக்கவே இல்லையாம். நீங்க கவலையெல்லாம் மறந்து, பச்சப்புள்ளையாட்டம் வாயப் பொளந்துக்கிட்டு நின்னீகளாம். அதப் பாத்துத்தான் சிரிச்சாகளாம்."

பஸ்ஸில் வரும்போது அழுதுவிட்டேன், மாப்ள. வாணத்தைப் பார்த்த சிரிப்பு என்று நினைத்துத்தான் இத்தனை வருஷமாக அதை அச்சுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்த்தல்லவா சிரித்திருக்கிறாய்!

இப்போது வரைய உட்கார்ந்துவிட்டேன். "யாருய்யா இது, வாயப் பொளந்துக்கிட்டு?" என்று முதலாளி கேட்பார். கேட்கட்டும். அன்றைக்கு நீ பார்த்தது இந்த மூஞ்சியைத்தான்.