அக்காவைத் தவிர எல்லோரும் படித்தது

மார்ச் 3, திங்கள்

மெத்தைக் கடைக்கு வெப்சைட் போட்டு இரண்டு மாதம். தினமும் நூறு பேர் வந்து எட்டிப் பார்க்கிறார்கள், ஒருவரும் வாங்குவதில்லை. அதைச் செய்து கொடுத்தவரைக் கூப்பிட்டேன். எதைக் கேட்டாலும் "சிம்பிள் சார்" என்பதால் கடையில் அவருக்கு சிம்பிள் என்றே பெயர். "பாப்-அப் போடுங்க சார். பக்கம் திறந்ததும் முன்னாடி வந்து குதிக்கிற பெட்டி. வந்த ஆளைப் பிடிச்சு நிறுத்திடும்" என்றார். ஒன்றே பிடிக்கும் என்றால் நான்கு இன்னும் இறுக்கிப் பிடிக்குமே. வரவேற்க ஒன்று, பரிசுச் சக்கரம் ஒன்று, மின்னஞ்சல் முகவரி கேட்க ஒன்று, கிளம்புகிறவர்களுக்கு அழுகிற தலையணைப் படத்தோடு ஒன்று.

பில் மேசையிலிருந்து அக்கா பார்த்தாள். பத்தொன்பது வருடமாகக் கடை எங்கள் இருவருடையது. "வாசல்ல நாலு பேர் நின்னு கையப் பிடிச்சு இழுத்தா, நீ அந்தக் கடைக்குள்ள போவியா?" என்றாள்.

"உனக்கு பில் போடத்தானே தெரியும், அதப் பாரு" என்றேன். அப்போது வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஏன் சொன்னேன்? நாக்கில் சனி.

மார்ச் 4, செவ்வாய்

அக்கா பேசவில்லை. ஒருவர் தலையணை விலை கேட்டதற்கு, இரண்டடி தள்ளி நிற்கும் என்னைக் காட்டி, "அவர்கிட்ட கேளுங்க, எனக்கு பில்தான் போடத் தெரியும்" என்றாள். அவராம். நான் பிறந்ததிலிருந்து அவளுக்கு 'டா'தான்.

மார்ச் 6, வியாழன்

மனைவி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அக்கா 31ஆம் தேதி மகள் வீட்டுக்குப் போகிறாளாம், டிக்கெட் எடுத்தாயிற்றாம்.

"எத்தனை நாளைக்கு?"

"நாள் சொல்லல. புதுசா பெட்டி வாங்கியிருக்காங்க. நம்ம சின்னவனை உள்ள உட்கார வெக்கலாம், அவ்வளவு பெருசு."

அவள் போய்விட்டால் கடையில் நான் யாரோடு சண்டை போடுவேன்?

மார்ச் 8, சனி

நூற்றில் தொண்ணூற்றொரு பேர் நான்கு நொடியில் ஓடிப்போகிறார்கள் என்று கணக்கு காட்டுகிறது. ஒரு பெரியவர் போன் செய்தார். "மெத்தையப் பாக்கணுங்க. சக்கரம் வழி விட மாட்டேங்குது." ஒருமுறை சுற்றிவிடச் சொன்னேன். சுற்றினார். தலையணை உறை இலவசம் என்று விழுந்தது. "நான் தலையணை வெச்சுப் படுக்கறதே இல்லையே" என்றார். அடுத்த பெட்டி அவருடைய மின்னஞ்சலைக் கேட்டதும் போனை வைத்துவிட்டார்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் பார்த்தால் என்னுடைய நான்கையும் காணோம். ஒரே ஒன்று இருக்கிறது, புதிதாக:

"முதுகு வலியா? வாங்கும் முன் கடைக்கு வந்து கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். யாரும் எழுப்ப மாட்டோம்."

பக்கம் திறந்ததும் குதிப்பதில்லை. ஒரு மெத்தையை ஒரு நிமிடம் பார்த்தவர்களுக்கு மட்டும், ஒரே ஒருமுறை வருகிறது. மூடுவதற்குப் பெரிய பெருக்கல் குறி. சரக்கு விவரம் ஏற்றுவதற்காக அக்காவிடமும் பாஸ்வேர்ட் இருப்பது அப்போதுதான் உறைத்தது. சிம்பிளைக் கேட்டேன். "மேடம் போன் பண்ணி ஒரே ஒரு சந்தேகம் கேட்டாங்க சார். மத்ததெல்லாம் அவங்களே." மத்ததெல்லாம் அவங்களேயாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாளா? நான் என்ன இந்தக் கடையில பொம்மையா?

மார்ச் 13, வியாழன்

ஐந்து பேர் படுத்துப் பார்க்க வந்தார்கள். மூன்று பேர் வாங்கினார்கள். ஒருவர் நிஜமாகவே தூங்கி, குறட்டை கடைவீதி வரை கேட்டது. நான் மடக்குக் கட்டிலை நகர்த்தப் போனபோது அக்கா என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். பத்து நாளில் முதல்முறை. இது பேச்சுக் கணக்கில் சேருமா?

மார்ச் 15, சனி

பாப்-அப் பெட்டியின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "இது அக்காவின் யோசனை. நல்ல யோசனை." மன்னிப்பு கேட்ட மாதிரியும் இருக்கும், கேட்காத மாதிரியும் இருக்கும். மாலையில் அந்த வரி போயிருந்தது. வாங்க வருகிறவர்களுக்கு அந்தச் செய்தி தேவையில்லை என்று சிம்பிளிடம் சொன்னாளாம். அவள் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிகிறது.

மார்ச் 20, வியாழன்

நேரில் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து பில் மேசைக்குப் போனேன். நிமிர்ந்து பார்த்தாள். "பேனா இருக்கா?" என்று கேட்டேன். கொடுத்தாள். இந்த வாரம் நான்காவது பேனா.

மார்ச் 24, திங்கள்

இன்னும் ஒரு வாரம்தான். வாய் வராவிட்டால் என்ன, பாப்-அப் வருமே. கடைக் கணினியில் பார்ப்பவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு டிக் போட முடியுமாம். பக்கத்தை விட்டுக் கிளம்பும் நேரத்தில் வர வேண்டும். எழுதினேன்:

"அக்கா, போகாதே. நான் அன்னைக்குப் பேசினது தப்பு. இந்தக் கடை என்னால் ஓடலை, உன்னால் ஓடுது. — தம்பி"

பெருக்கல் குறியை எடுத்துவிட்டேன். படிக்காமல் மூடிவிட்டால்?

மார்ச் 25, செவ்வாய்

அவள் சரக்கு விவரம் ஏற்றினாள். மூடினாள். மறுபடி திறந்தாள், மூடினாள். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆறு மணிக்குக் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கல் நெஞ்சுக்காரி. எவ்வளவு இறங்கி எழுதினேன், ஒரு தலையசைப்பு கூடவா இல்லை? அழுகை வந்தது. ஐம்பது வயதில் தலையணைகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

மார்ச் 26, புதன்

காலை ஒன்பதரைக்கு முதல் போன். "சார், கட்டில் விலை பாக்க வந்தேன். அது கிடக்கட்டும், அக்காவ என்ன சார் பேசுனீங்க?" அடுத்தது ஒரு பெண். "அந்தப் பெட்டி மூட மாட்டேங்குது. பரவாயில்ல. அக்கா இருக்காங்களா, போயிட்டாங்களா?" பதினோரு மணிக்குள் ஒன்பது பேர்.

டிக் போட்டவன் அதை மட்டும் சேமிக்கவில்லை. ஊர் உலகத்துக்கே காட்டியிருக்கிறது. அப்படியானால் அக்கா எப்படிப் பார்க்காமல் இருந்தாள்? சிம்பிளைக் கேட்டேன். "பாஸ்வேர்ட் போட்டு உள்ள வேலை பாக்குறவங்களுக்கு பாப்-அப்பே வராது சார். சிம்பிள்."

அதற்குள் மறுபடி போன் அடித்தது. நான் எட்டுவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். "ஆமாங்க, நான்தான் அக்கா" என்றாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். "சரிங்க. யோசிச்சுச் சொல்றேன்" என்று வைத்தாள். கடைப் பக்கம் திறந்திருந்த என் மொபைலை நீட்டச் சொல்லிக் கையைக் காட்டினாள். படித்தாள். அங்கே தட்டினாள், இங்கே தட்டினாள்.

"இத எப்படி மூடுறது?"

இருபத்து மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"மூட முடியாது."

"வந்தவங்க வெளிய போக ஒரு வழி வெக்க வேணாமாடா?"

'டா'. "நீ போகாதக்கா" என்றேன், பாப்-அப் இல்லாமல், வாயால்.

"கஸ்டமர் நிக்கிறாங்க பாரு" என்று திரும்பிக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. மதியத்துக்குள் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டாள்.

மார்ச் 29, சனி

கடை கொள்ளவில்லை. பாதிப் பேர் அக்காவைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மெத்தையில் மல்லாந்து படுத்துக்கொண்டு அவரவர் தம்பியைப் பற்றி அக்காவிடம் குறை சொல்கிறார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மெத்தையின் கனம் எவ்வளவு வேண்டும் என்று விசாரிக்கிறாள். போவதா இல்லையா என்று மட்டும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் பயம்.

மார்ச் 31, திங்கள்

கிளம்பிவிட்டாள். பெட்டியை நான்தான் தூக்கிப்போய் ஏற்றினேன். பெட்டி நிறையப் பேத்திக்குத் தலையணைகள், அதனால்தான் அவ்வளவு பெரிது. வண்டி நகரும்வரை "பாத்துக்கடா" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வருவாளா என்று கேட்க வாயெடுத்தேன், வண்டி போய்விட்டது.

கடைக்கு வந்து வெறுமனே உட்கார்ந்திருந்தேன். ஒரு அம்மா உள்ளே வந்து, மொபைலை என்னிடம் காட்டி, "நீங்கதான் தம்பியா?" என்று சிரித்தார். வாங்கிப் பார்த்தேன்:

"அக்கா ஒன்பதாம் தேதி வந்துவிடுவார். அதுவரை தம்பி சொல்லும் விலையை அப்படியே நம்ப வேண்டாம், பேரம் பேசவும்."

அந்த அம்மா பேரம் பேசியே இரட்டை மெத்தை வாங்கிப் போனார். மாற்ற எனக்கும் பாஸ்வேர்ட் தெரியும். ஒன்பதாம் தேதி வரை அப்படியே இருக்கட்டும்.