ஜலந்தரிலிருந்து வந்த மூஞ்சி

1974 ஜூலை 8, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் கொளுத்தும் வெயில். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் போஸ்ட்மேன். ஜலந்தர் பார்சல்! பத்து வாரம் கழித்து.

உள்ளே இருந்தவை:
1. ஹாக்கி கோல்கீப்பர் முகமூடி ஒன்று. வெள்ளை ஃபைபர் கிளாஸ்.
2. தோல் வார் மூன்று.
3. இங்கிலீஷில் ஒரு சீட்டு. "தங்கள் முகத்துக்கென்றே செய்தது. பிறருக்குப் பொருந்தாது."
4. வைக்கோல். ஒரு மாட்டுக்கு ரெண்டு நாள் தீனி.
5. துணி சுற்றிய கனமான உருண்டை. பிளாஸ்டர் போல. கட்டிலடியில் தள்ளியாச்சு, அப்புறம் பார்க்கலாம்.

மாட்டிப் பார்த்தேன். வலப் பக்கம் அச்சு அசல். இடப் பக்கம் மூணு விரல் நுழைகிற சந்து. தலையைத் திருப்பினால் நான் திரும்புகிறேன், முகமூடி திரும்பவில்லை. கண் ஓட்டை மூக்கு மேல் வந்து நிற்கிறது. பிறருக்குப் பொருந்தாதாம். என்னையும் பிறர் லிஸ்டில் சேர்த்துவிட்டார்கள்.

அம்மா தூத்துக்குடியில், அக்கா பிரசவத்துக்கு. நைனாவுக்கு ஹார்பர் கிரேனில் மதிய ஷிப்ட். வீட்டில் நானும் முகமூடியும். ரெண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

சாப்பாடு: காலையில் வடித்த சோறு, ஊறுகாய்.

ஜூலை 9, செவ்வாய்

புழுக்கம். சாயங்காலம் முகமூடியைப் போட்டுக்கொண்டு தெருக்குழாய்ச் சுவர் பின்னால் உட்கார்ந்தேன். குடத்தோடு ரோசி அக்கா குனிந்ததும் எழுந்தேன். "யேசுவே!" என்று ஒரு அலறல், குடம் உருண்டது. அப்புறம் குரல் மாறிப்போச்சு. "டேய் லூர்து, கஸ்மாலம்! உங்கம்மா வரட்டும், உன் கதை கீது."

ஓடினேன். கல்மண்டபம் ஐஸ் வண்டி வரைக்கும் ஓடி, சிரிக்கலாம் என்று திரும்பினேன். பக்கத்தில் ஆள் இல்லை. இந்த மாதிரி ஓடினால் என் கூட்டாளி சவேரி கூடவே ஓடி வருவான், விலாவைப் பிடித்துக்கொண்டு. தனியாகச் சிரித்துப் பார்த்தேன். ஐஸ்காரர் ஒரு மாதிரி பார்த்தார். நிறுத்திவிட்டேன்.

கம்பெனிக்கு லெட்டர் போட்டேன். "ஐயா, இடது கன்னத்தில் இடம் காலியாக உள்ளது. சின்னக் குடும்பமாக இருந்தால் வாடகைக்கு விடலாம். அல்லது மாற்றித் தரவும். தங்கள் உண்மையுள்ள, அ. லூர்துராஜ்."

இங்கிலீஷில் எழுத ஒன்றரை மணி நேரம், டிக்ஷனரியோடு.

ஜூலை 14, ஞாயிறு

பூசை முடிந்து மைதானம். சுவர் மேல் உட்கார்ந்து வேடிக்கை. ஆட அனுமதி இல்லை. ஏப்ரலில் ஒரு பெனால்டி கார்னர் பந்து இடது கன்னத்தில் விழுந்ததிலிருந்தே இந்தக் கதி. டேவிட் அண்ணன்தான் எங்கள் டீமுக்கு எல்லாம். ரயில்வே வேலை போக மிச்ச நேரமெல்லாம் இங்கேதான்.

"இன்னாடா, மூடி வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே. ஆனா வேற யாரோ மூஞ்சி."

"ஜோக்கு வேணாம். உங்கம்மா கைல சொல்லிக்கீறேன். மூடி மூஞ்சில ஒழுங்கா உக்காந்தாத்தான் கோல்ல நிப்ப. ஆகஸ்ட் பதினஞ்சாந்தேதி கப்பு மேட்ச். அதுக்குள்ள ஆவலன்னா காசிதான்."

கோலில் டோல்கேட் காசி. மாட்டு வண்டி மாதிரி மெதுவாகத் திரும்புகிறான். பந்து மட்டும் அவன் காலைத் தேடிப் போய்ப் படுகிறது. எரிச்சல்.

அவனுக்கு முன்னால் லெஃப்ட் பேக் சவேரி. பொடியன்கள் சுவர் மேலிருந்து, "ஏய் பேக்கரி! தூக்கி அடி பேக்கரி!" அந்தப் பேர் நான் வைத்தது. ஏப்ரலில் பந்து அவன் ஸ்டிக்கில் உரசித்தான் எகிறி என் மேல் பாய்ந்தது. மறுநாள் கன்னம் பன் மாதிரி. "சூடான பன்னு, சவேரி பேக்கரி" என்று நாலு தெருவுக்கும் போய்க் காட்டினேன். ஊரே சிரித்தது. என் சரக்குகளில் அதுதான் அமோக விற்பனை.

இன்றைக்குக் கையைத் தூக்கினேன். பார்த்தான். உடனே குனிந்து ஷூ கயிறு கட்டினான். காலில் ஷூவே இல்லை. அவன் எப்பவும் வெறுங்கால்தான்.

மே மாசத்திலிருந்தே வீட்டுப் பக்கம் வருவதில்லை. ஏன் என்று புரியவில்லை.

ஜூலை 20, சனி

மழை. பதில் வந்தது. புகார்ப் பிரிவு. அச்சடித்த தாளில் ஒரு கட்டத்தில் டிக். கீழே டைப் அடித்தது:

"தாங்கள் அனுப்பிய அச்சுக்கும் முகமூடிக்கும் மயிரிழை வித்தியாசமும் இல்லை. அச்சிலிருந்து எடுத்த தங்கள் தலையை முகமூடியோடு முன்பே அனுப்பியுள்ளோம். தயவுசெய்து தங்கள் முகத்தோடு ஒப்பிடவும். முகம் மாறியிருந்தால் கம்பெனி பொறுப்பல்ல."

நாலு தரம் படித்தேன். முகம் மாறியிருந்தால்! இந்த ஆள் யாராக இருந்தாலும் எனக்குப் பிடித்துப்போச்சு. ரெண்டு மாசத்தில் என் பேருக்கு வந்த ஒரே லெட்டர். அம்மா எழுதுவதெல்லாம் நைனா பேருக்கு.

ஜூலை 21, ஞாயிறு

கட்டிலடி உருண்டையைப் பிரித்தேன். பிளாஸ்டர் தலை. மேஜையில் வைத்து எதிரே உட்கார்ந்தேன். யாரோ தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி இருந்தது.

நைனா சட்டை மாட்டிக்கொண்டே வந்து நின்றார். "யார்ரா இது?"

"நான்தான் நைனா."

"வீங்கிக் கீது?"

பிளாஸ்டரின் இடது கன்னத்தையும் என் இடது கன்னத்தையும் மாறி மாறித் தடவிப் பார்த்தேன்.

"அடி பட்டு எத்தினி நாள்ல அச்சு எடுத்தீங்க?"

"நாலு. சவேரிதான் எடுத்தான்."

"வீக்கத்தோடவா அளவெடுப்பாங்க? இன்னா புத்திடா ரெண்டு பேருக்கும்." தலையில் லேசாகத் தட்டிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டார். என் தலையில் இல்லை. பிளாஸ்டர் தலையில்.

ஜலந்தர்காரன் செய்தது சரி. என் வீங்கின மூஞ்சிக்கு அளவாகத்தான் செய்திருக்கிறான். வீக்கம் வடிந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

லெட்டர் எழுதினேன். முதல் தடவையாக ஒழுங்காக. "ஐயா, தப்பு என் முகத்தில். மன்னிக்கவும். வழி உண்டா?" எழுதி முடிக்க ஐந்து நிமிஷம். டிக்ஷனரி தேவைப்படவில்லை.

ஆகஸ்ட் 1, வியாழன்

வெயில். பதில்! புது அச்சும் பழைய முகமூடியும் சேர்த்து அனுப்பினால் இந்த ஒரு முறை மட்டும் இலவசமாக மாற்றித் தருவார்களாம். கீழே பேனாவால், கிறுக்கல் எழுத்தில், டைப் அடித்தவரே எழுதியது போல:

"போன அச்சு மிக நேர்த்தி. ஒரு குமிழிகூட இல்லை. எடுத்த அதே நபரை வைத்து எடுக்கவும்."

அதே நபர்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அதே நபர் இல்லாமலே எடுத்துவிடலாம் என்று முடிவு. பள்ளிக்கூடத்துக்கு மட்டம். வயிற்றுவலி.

முறை: முகம் பூரா வாஸ்லின். மூச்சுக்கு மூக்கில் ரெண்டு பப்பாளிக் காம்பு. கண் மேல் பஞ்சு. பிளாஸ்டர் துணியை நனைத்து ஒவ்வொன்றாக ஒட்டணும். இருபது நிமிஷம் அசையாமல் படுக்கணும், வாய் திறக்கக் கூடாது.

நடந்தது: கண்ணை மூடின பிறகு வாளி எங்கே என்று தெரியவில்லை. தடவினேன். வாளி கவிழ்ந்தது. துணி ஒன்று காதில், ஒன்று தலையணையில். ஒரு காம்பு மூக்கிலிருந்து வழுக்கி வாய்க்குள். தும்மல். அச்சு மூணு துண்டு.

தன் முகத்துக்குத் தானே அச்சு எடுக்க முடியாது. இன்னொருத்தன் கை வேண்டும்.

தரையைத் துடைத்தேன். புருவத்தில் ஒட்டினதைப் பிய்த்தபோது கண்ணில் தண்ணீர். பிய்த்ததனால்தான்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பூசை முடிந்து சைக்கிள் ஸ்டாண்டு அருகில் சவேரியை மடக்கினேன். பின்னாலிருந்து யாரோ, "இன்னா பேக்கரி, இன்னிக்கு பன்னு ஃப்ரெஷ்ஷா?" நான் சிரிக்கவில்லை. அந்தப் பேர் விழுந்தால் எப்படி இருக்கிறது என்று முதல் தடவை அவன் முகத்தில் பார்த்தேன்.

"டேய். அச்சு எடுக்கணும். நீதான் எடுக்கணும்னு கம்பெனில எழுதிக்கீறான்."

"கம்பெனில எழுதினாத்தான் வருவியா?"

பதில் நாலு தோன்றியது, நாலும் ஜோக். "வரியா?" என்று மட்டும் கேட்டேன்.

பத்து மணிக்கு வந்தான். பாயில் படுத்தேன். அவன் விரல் கன்னத்தில் வாஸ்லின் தடவிற்று. இடது பக்கம் வரும்போது மெதுவாகப் போச்சு. காம்பு வைத்தான், பஞ்சு வைத்தான். ஈரத்துணி ஒவ்வொன்றாக. வெளிச்சம் போய்விட்டது.

"வாய அசைக்காத. கோடு வுழும்."

வெளியே கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாக இடித்துக்கொண்டு போச்சு. அப்புறம் பேசினான். தலைமாட்டிலிருந்து, சன்னமாக.

"அன்னிக்கே எனக்குத் தெரியும்டா. துணி வச்சுகினு இருக்கறப்பவே கைல தட்டுப்பட்டுச்சு, வீங்கிக் கீதுன்னு. வடியட்டும்னு சொல்லிருக்கணும். சொல்லணும்னா வீக்கம்ன்ற வார்த்தைய என் வாயால சொல்லணும். என் ஸ்டிக்குல பட்ட பந்து. வாய் வரல."

நான் பேச முடியாது. மூக்கில் காம்பு, வாய் மேல் பிளாஸ்டர்.

"நீ பேக்கரின்ன. எங்க வூட்ல தங்கச்சி கூட இப்ப அப்பிடித்தான் கூப்புடுது. நீ சிரிச்சுட்டுப் போய்ட்ட. எனக்கு அந்தப் பந்து தெனமும் எகிறுது. எகிறிகினே கீது."

எனக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. நல்ல பதில், சிரிப்பு வரும். வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே கிடந்து செத்துப்போச்சு.

வலது கையைத் தூக்கினேன்.

"இன்னா, மூச்சு முட்டுதா?" என்று பதறிப்போய்க் காம்பைச் சரிசெய்தான். இல்லை. அதற்கில்லை. கையைக் கீழே போட்டேன்.

இருபது நிமிஷம். அச்சைக் கழற்றினான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். குமிழி இல்லை.

"பேர நான் எடுத்துடறேன்டா," என்றேன்.

"வச்ச பேர எப்பிடி எடுப்ப?"

"தெரியல."

"மூஞ்சி கழுவு, காஞ்சிடப் போது," என்றான். கழுவிவிட்டு வருவதற்குள் போய்விட்டான். வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தான்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மேகமூட்டம். அச்சு, முகமூடி ரெண்டையும் பெட்டியில் வைத்தேன், அதே வைக்கோலோடு. பதினைந்தாம் தேதிக்குள் திரும்பி வராது. கப்பு மேட்சில் காசிதான். டேவிட் அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன். "பொம்பள புள்ள மாதிரி மூஞ்ச தூக்கி வச்சிக்காத, அடுத்த கப்பு வராமலா பூடும்?" என்றார்.

தெருவில் பொடியன் ஒருவன், "பேக்கரி எங்கண்ணே?" காதைத் திருகினேன். "சவேரின்னு சொல்றா." "நீதானே வச்ச?" என்றான் பயல். காதை விட்டேன்.

தபாலாபீஸில் சவேரி நின்றுகொண்டிருந்தான். வரச் சொல்லவில்லை நான். கவுண்டர்க்காரர் பெட்டியைக் குலுக்கப் போனார்.

"உள்ள இன்னா?"

"மூஞ்சி சார்."

"உடையுமா?"

"உடையும் சார்," என்றான் சவேரி, எனக்கு முன்னால்.

இன்னும் இறுக்கிக் கட்டிக் கொண்டு வரச் சொன்னார். வாசலில் குந்தி உட்கார்ந்து கயிறைச் சுற்றினேன். முதல் முடிச்சு போட்டதும் தளர்ந்துகொண்டே வந்தது. சவேரி குனிந்து அதன் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தான்.