வடிகட்டியில் ஒட்டிய மருந்து

மார்ச் 4
எண்பத்திரண்டு! கண் சொட்டு மருந்தில் நூற்றுக்கு எண்பத்திரண்டு பங்கு நுண்பைகளுக்குள் போய்விட்டது. சோப்பு வகைப் பொருளும் கொஞ்சம் கொலஸ்ட்ராலும் நீரில் தாமாகவே சுருண்டு உண்டாகும் பைகள். ஐநூறை வரிசையாக வைத்தால் ஒரு தலைமுடித் தடிமன். கண்ணீர் மருந்தை அடித்துக்கொண்டு போகாமல் இவை பிடித்து வைக்க வேண்டும். நான்கு வருடம் இதற்காகத்தான் நாயாக உழைத்தேன். சொல்ல யாரும் இல்லை. அறைக்கு வந்து எனக்கு நானே ஒரு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டேன்.

மார்ச் 6
பேராசிரியர் கட்டுரையை ஆய்வு இதழுக்கு அனுப்பிவிட்டார். "கலக்கிட்டேம்மா" என்றார். ஆய்வகத்தில் எதிர் மேசைக்காரி கை குலுக்கினாள். கட்டுரையில் அவள் பெயரும் உண்டு.

மார்ச் 11
அந்த எண்பத்திரண்டு எப்படி வந்தது என்று நோட்டைத் திரும்பப் புரட்டினேன். வடிகட்டியில் கீழே இறங்கிய மருந்து பைக்கு வெளியே இருந்தது, இறங்காதது உள்ளே இருப்பது — இப்படித்தான் கணக்கிட்டேன். பையே இல்லாத வெறும் மருந்தை வடித்துப் பார்த்தேனா? இல்லை. ஏன்? அவசரம். வேறென்ன.

மார்ச் 12
பார்த்தேன். வெறும் மருந்திலும் கால் பங்குதான் இறங்கியது. மீதி வடிகட்டியிலேயே ஒட்டிக்கொண்டது. அதையும் பைக்குள் இருப்பதாக எண்ணியிருக்கிறேன். அடிப்பாவி, பள்ளிக்கூடப் பிள்ளைகூட இதைச் செய்து பார்த்திருக்குமே!

மார்ச் 13
யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 14
சொல்லிவிட்டேன். பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார்.
"வேற யாருக்காவது தெரியுமா?"
"எனக்குத் தெரியுமே சார்."
திரும்ப வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். "சரி, கட்டுரையை வாபஸ் வாங்கிடலாம். உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். பரவாயில்லையா?"
பரவாயில்லை என்றேன். பொய். கழிப்பறையில் போய் அழுதேன்.

மார்ச் 20
எதிர் மேசைக்காரி சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போனாள். போனால் போகட்டும்... இல்லை, வலிக்கிறது. இன்று முழுக்க என் வாயிலிருந்து வந்தது ஒரே வார்த்தை: கடைக்காரரிடம் "பால்".

ஏப்ரல் 9
வடிகட்டியே வேண்டாம். வேகமாகச் சுழற்றிப் பைகளை அடியில் படியவைத்து, கழுவி, ஆல்கஹாலில் உடைத்து, உள்ளே இருந்த மருந்தை நேராக அளந்தேன். மூன்று தடவை. முப்பத்தொன்று. முப்பது. முப்பத்தொன்று.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.
"நூத்துக்கு முப்பத்தொண்ணா? அப்ப ஃபெயிலாடி?"
"இல்லம்மா. பாஸ்."
"அழறியா என்ன?"
ஆமாம் என்றேன். அம்மா போனை வைக்கவில்லை.