பதினாலு பல்

ஜூன் 10, செவ்வாய்
நிஷாவின் பள்ளிப் படிவத்தில் எல்லாம் எழுதியாகிவிட்டது. 'தாயின் தொழில்' என்ற இடம் மட்டும் காலி. வேலையை விட்டு ஆறு வருஷம். அடுத்த செவ்வாய்தான் கடைசி நாள், அதுவரை அப்படியே கிடக்கட்டும்.

திருமழிசை எஸ்டேட்டில் கியர் செய்யும் இருதயராஜ் சார் வெப்சைட் கேட்டிருக்கிறார். பிடித்துப்போனால் அங்கேயே நிரந்தர வேலை. இதையும் விட்டால் எனக்கு வேறு எது அமையப்போகிறது?

லோகோ வாட்ஸப்பில் வந்தது. கியர் சக்கரம், நடுவில் 'இருதயா'. அவருக்கு மச்சினர் அனுப்பியதாம், மச்சினருக்கு யாரோ.

ஜூன் 11
லோகோ லேப்டாப்பில் சுமார். போனில் மகா கேவலம். ஓரமெல்லாம் ஈஷிக்கொண்டிருக்கிறது. சுற்றி வெள்ளைக் கட்டம் வேறு, வெப்சைட்டின் நீலப் பட்டையின் மேல் பிளாஸ்திரி ஒட்டினதுபோல். ஒரிஜினல் இருக்கா சார் என்றேன். "அதாம்மா ஒரிஜினலு" என்றார். போச்சு.

ஜூன் 12
அதன் மேலேயே கோடு போட்டுப் புதிதாக வரைந்தேன். ஐந்து மணி நேரம். பளிச்சென்று வந்தது. பெருமையாக அனுப்பினேன் - அதையும் எழுதிவைக்கிறேன்.

உடனே போன். "இன்னாமா, ஒரு பல்லு கம்மியா கீது. நம்ம கியருக்கு பதினாலு. வாங்க வர்றவன் மொதல்ல அத்தத்தான் எண்ணுவான்."

வாட்ஸப் படத்தின் கலங்கலில் இரண்டு பல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கெப்படித் தெரியும்?

ஜூன் 13
பதினாலு போட்டு அனுப்பினேன். இப்போது 'இ'யின் சுழி அவருடையது இல்லையாம். "திங்கக்கெழம வரிக்கும் பாக்கறேன். அப்பால வேற ஆளு பாத்துக்குவேன், தப்பா நெனச்சிக்காதமா." படத்திலேயே இல்லாத சுழியை நான் எங்கேயிருந்து கொண்டு வர்றது? போங்கடா.

ஜூன் 14, சனி
முடியாது என்று நேரில் சொல்லிவிடலாமென்றுதான் போனேன். வாசலில் கம்பெனி டெம்போ. அதன் கதவில் அதே லோகோ, ஸ்டிக்கராக, கத்திபோல் கூர்மையாக. நின்ற இடத்திலேயே எண்ணினேன். பதினாலு.

டிரைவர் சுப்பராயன் பதறி இறங்கினார். "இன்னா மேடம், எங்கனா ஒர்சிக்கினு கீதா?" ஸ்டிக்கர் எங்கே ஒட்டினது என்று கேட்டேன். "பூந்தமல்லி, யூசுப் பாய் கட. எட்டு வர்சம் ஆவுது."

உள்ளே போகாமலே பஸ் ஏறினேன். யூசுப் பாய் கம்ப்யூட்டரைத் திறந்துவைத்துக்கொண்டு, "கம்பெனி பேர்லாம் நமக்குத் தெரியாதும்மா. வண்டி நம்பர் சொல்லு" என்றார். எல்லாம் வண்டி நம்பரில்தான் வைத்திருக்கிறார். நான் பல்லை எண்ணினேனே தவிர நம்பரைப் பார்க்கவில்லை, மண்டு. ஆபீசுக்கு போன் போட்டு, சுப்பராயனைக் கூப்பிடச் சொல்லிக் கேட்டேன்.

இருந்தது. ஸ்டிக்கர் மெஷினில் கத்தி கோட்டின் மேல்தான் ஓடும், அதனால் படம் முழுக்கக் கோடுகளாகவே இருக்கிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. கடையிலேயே பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பாய் சிரித்துக்கொண்டே ஃபைலை எனக்கு அனுப்பினார்.

ஜூன் 15
வெள்ளைக் கட்டம் ஒழிந்தது. போனில், பழைய டேப்லட்டில், பக்கத்து ஃபிளாட் டிவியில்கூடப் போட்டுப் பார்த்தேன். எழுத்துகளுக்கு நடுவே மட்டும் மயிரிழை இடம் விட்டேன், சின்னத் திரையில் ஒட்டிக்கொள்கிறது. பல்லைத் தொடவே இல்லை.

ஜூன் 16, திங்கள்
காலையில் அனுப்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். ஹலோகூடச் சொல்லாமல் எண்ணினார். "...பன்னெண்டு, பதிமூணு, பதினாலு. சுழியும் நம்முதுதான். கரீட்டா கீதுமா. நாளிக்கி வந்துடு."

அப்பாடா.

ஜூன் 17, செவ்வாய்
படிவத்தில் 'தாயின் தொழில்' என்ற இடத்தைப் பேனாவால் நிரப்பினேன். நிஷா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "இத்தினி நாளா ஏம்மா இது காலியா கீது?" என்றாள்.

"எண்ணிட்டிருந்தேன்டி" என்றேன்.

எழுத்து கோணல்மாணலாக விழுகிறது, பஸ் குலுக்கல். திருமழிசை வந்துவிட்டது, இறங்க வேண்டும்.