முழுதாகப் புதைக்காத பிள்ளை

கண்டி சிறைச்சாலை
11.02.2024

ஜீவராணிக்கு,

நலமா என்று கேட்டு எழுத மனம் வரவில்லை. இங்கே கடிதங்களை வாசித்துவிட்டுத்தான் வெளியே விடுவார்கள். அதனால் விடுதலையாகிப் போகும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த ஆஸ்பத்திரிப் பையன் திலக்ஷன் நம் வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இரைகிறது. "ஒங்க மக தனுஷிகாவோட கட்டியில இருந்து எடுத்த துண்டு எங்ககிட்ட பத்திரமா இருக்குங்க. வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு அதப் பகிர ஒங்க சம்மதம் வேணும்."

போன வருடம் என் பிள்ளையை முழுதாகப் புதைத்தேன் என்றல்லவா நினைத்திருந்தேன்! தேயிலை மலையிலிருந்து அப்போதுதான் இறங்கியிருந்தேன். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கையிலேயே இருந்தது. வீசினேன். கையால் தடுத்தான், இரண்டு விரல் படியில் விழுந்தது. கழுத்துக்கு ஓங்கினேன். நீ குறுக்கே விழுந்ததால் தப்பினான்.

எனக்கு வருத்தமில்லை. நீ சம்மதம் கொடுக்கப் போவதாகத் தம்பி வீரய்யா வந்து சொன்னான். கொடுத்தால், வெளியே வந்ததும் அடுத்த வெட்டு உனக்குத்தான். அந்தத் துண்டை வாங்கிவந்து அவள் பக்கத்தில் புதை.

சோலைமலை


கீழ்ப்பிரிவு லயம்
பொகவந்தலாவை
03.03.2024

தனுஷிகா அப்பாவுக்கு,

அங்கே சாப்பாடு சேர்கிறதா? இருமல் விட்டதா? நான் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்.

உங்கள் கடிதத்தை வீரய்யா என் கையிலிருந்து பிடுங்கி, வாசலில் நின்று லயத்து வீடுகள் எல்லாம் கேட்க வாசித்தார். பிறகு என் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினார். "அண்ணன் சொல்றத கேப்பியா, மாட்டியா?" ஒரு பல் போய்விட்டது. யாரும் தடுக்கவில்லை. பிள்ளையின் சதையை விற்றவள் என்று எனக்குப் பெயர். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனால் பக்கத்தில் ஒருத்தி நிற்பதில்லை. திலக்ஷனின் மோட்டார் சைக்கிளை நீங்கள் வெட்டிய அன்றைக்கே கொளுத்திவிட்டார்கள்.

வீங்கிய வாயோடு பஸ் ஏறி அந்தப் பையனைப் பார்க்கப் போனேன். அவனும் தலவாக்கலைப் பக்கத்து லயத்துப் பிள்ளைதான். அவன் அம்மா என்னைக் கண்டதும் செருப்பைக் கழற்றி அடித்தாள். வாங்கிக்கொண்டேன். "விடும்மா, குறுக்க விழுந்து காப்பாத்துனதே இவங்கதான்" என்று அவன்தான் தடுத்தான்.

எதற்காக வெளிநாட்டுக்கு என்று கேட்டேன். "இந்தப் புற்றுநோய் ரொம்ப அபூர்வங்க. ஒரு நாட்டுல உள்ள துண்டுக பத்தாது. எல்லா நாட்டுலயும் இருக்கிறத சேத்துப் பாத்தாத்தான் எதனால வருதுன்னாவது புரியும். இதுல காசு பணம் எதுவும் இல்லங்க. நீங்க வேணாம்னா வேணாம்தான்" என்றான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்.

கடைசி வாரம் அவள் கத்தியபோது நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினீர்கள். நான்தான் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அதனால் நானே யோசித்து முடிவெடுப்பேன்.

ஜீவராணி


கண்டி சிறைச்சாலை
24.03.2024

அன்புள்ள ஜீவராணிக்கு,

உன்னை அடிக்கச் சொல்லி நான் அவனை ஏவவில்லை. வீரய்யா என்னைப் பார்க்க வந்தபோது கம்பி வழியாகச் சட்டையைப் பிடித்திழுத்து, அவன் முகத்தை இரும்பில் இடித்தேன். மூக்கு உடைந்தது. காவலர்கள் என்னைத் தடியால் அடித்ததில் விலா முறிந்துவிட்டது. மூச்சு விடும்போதெல்லாம் குத்துகிறது. அவளுக்கும் இப்படித்தான் குத்தியிருக்குமா?

ஓடினேன்தான். அந்த நோயை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசலில் வந்து நின்றவனை வெட்டினேன்.

ஆனாலும் கொடுத்துவிடாதே. நம் பிள்ளையில் மிச்சம் அது ஒன்றுதான். மிரட்டவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன்.

சோலைமலை


ஹட்டன்
21.04.2024

தனுஷிகா அப்பாவுக்கு,

விலா தேறி வருகிறதா? பாரம் தூக்காதீர்கள்.

கொடுத்துவிட்டேன்.

கொழும்பில் அந்த ஆய்வுகூடத்துக்கே போய்ப் பார்த்தேன். கெடாமல் இருக்க அந்தத் துண்டைப் பதித்து வைத்த நகத்தளவு மெழுகுக்கட்டி. நடுவில் மங்கலாக ஒரு பொட்டு. "திருப்பித் தரச் சொன்னா தந்திடுறோம்மா" என்றார் அங்கிருந்த டாக்டர் பிரேமினி. என் கை நீளத்தான் செய்தது. அப்புறம்தான் உறைத்தது, அது நம் மகள் இல்லை. அவளைத் தின்றது. அதையா அவள் பக்கத்தில் படுக்க வைக்கச் சொல்கிறீர்கள்? நாடு நாடாகக் கொண்டுபோய்க் கீறிப் பாருங்கள், அதைக் கொல்ல வழி தேடுங்கள் என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு அப்போது உங்களைவிட வெறி.

வீரய்யா மேல் பொலிசில் முறைப்பாடு செய்துவிட்டு லயத்தை விட்டு வந்துவிட்டேன். இங்கே ரஸீனா அக்காவின் துணிக்கடையில் வேலை. அவர் வீட்டுப் பின்னறையில் தங்கியிருக்கிறேன்.

உங்கள் வழக்கில் என்னைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறார்கள். அந்தப் பையன்தான் முதலில் அடித்தான் என்று சொல்லும்படி உங்கள் வக்கீல் வந்து சொன்னார். சொல்ல மாட்டேன். கண்டதைத்தான் சொல்வேன். சொன்ன பிறகு நாம் ஒரே வீட்டில் இருக்க முடியாது என்பதும் தெரியும்.

ஜீவராணி


கண்டி சிறைச்சாலை
19.05.2024

அன்புள்ள ஜீவராணிக்கு,

குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டேன். வக்கீல் தலையிலடித்துக்கொண்டு போனார். நீ கூண்டில் ஏற வேண்டியதில்லை. தண்டனை நீளமாக இருக்கும் என்கிறார்கள்.

கோபம் அடங்கிவிட்டது என்று பொய் எழுத மாட்டேன். நேற்றும் ஒருவனை அடித்தேன். ஆனால் நீ எழுதியதை வாசித்த அன்றுதான் உட்கார்ந்து அழுதேன். அதுவரை அழவேயில்லை.

வெளியே வந்தாலும் ஹட்டன் பக்கம் வர மாட்டேன். பயப்படாதே.

அந்த ஆராய்ச்சிக்காரர்கள் எதையாவது கண்டுபிடித்தால், ஒரு வரி எழுது. வேறு எதற்கும் எழுத வேண்டாம்.

சோலைமலை