தறியை நிறுத்தச் சொன்ன கை

அப்பா,

மன்னித்துக்கொள்ளுங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கவும் தெரியாத உங்களுக்குக் கடிதம் எழுதுவது முறையா என்று தெரியவில்லை. நீங்கள் இருந்தவரை உங்கள் முன்னால் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் நான் பேசியதில்லை. இப்போது பக்கம் பக்கமாக எழுத உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் முகத்தைச் சுளிப்பீர்கள். ஆனாலும் இன்றைக்கு எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் முருங்கைக்காய் நறுக்கும்போது அரிவாள்மணை விரலைக் கிழித்துவிட்டது. அம்மா பழைய மூட்டையிலிருந்து ஒரு முழம் பேண்டேஜ் துணியைக் கிழித்து வந்து சுற்றினாள். வெளுப்புக்குப் போகாத துணி. கஞ்சியும் பஞ்சுத்தூசியும் கலந்த அந்த வாசம் மூக்கில் ஏறியது. அம்மா இரண்டு நுனியையும் சேர்த்து இறுக்கப் போனபோது, "முடிச்சுப் போடாதம்மா!" என்று கத்திவிட்டேன். அவள் நுனியை உள்ளே செருகிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

சத்திரப்பட்டியில் நீங்கள் வருடக்கணக்காக விசைத்தறியில் ஓட்டியது இந்தத் துணிதான். சின்ன வயதில் உங்களுக்குச் சோறு கொண்டு வருவேன். தறிக்கூடத்தின் கதவைத் திறந்தாலே காது அடைத்துப்போகும். உள்ளே யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைதான். விரலைச் சுண்டினால் இழை அறுந்துவிட்டது. நெற்றியைத் தொட்டால் முதலாளி வருகிறார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துக் காற்றை மூன்று முறை அமுக்கினால், தறியை நிறுத்து.

அந்தக் கையை நீங்கள் வீட்டுக்கும் கொண்டு வந்தீர்கள். அம்மா அழுதால் மூன்று முறை அமுக்குவீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அமுக்குவீர்கள். நிறுத்திவிடுவோம். நிறுத்தாவிட்டால் அதே கை வேறு விதமாக வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள் அம்மா நிறுத்தவில்லை. இழை கோப்பதற்காக வீட்டுக்குக் கொண்டு வந்திருந்த நாடாவை எடுத்து எறிந்தீர்கள். தறியில் ஊடை இழையைச் சுமந்து ஓடும், இரண்டு முனையிலும் இரும்பு வைத்த மரக்கட்டை அது. அம்மாவின் இடது புருவம் பிளந்தது. நீங்களே பேண்டேஜ் துணி கொண்டு வந்து கட்டினீர்கள். இரண்டையும் நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

கல்லூரியில் என்னை "வாய் இல்லாத பிள்ளை" என்பார்கள். கூச்ச சுபாவம் என்று ஆசிரியர்கள் எழுதினார்கள். அது சுபாவம் இல்லை, பழக்கம்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போனபோது வீடு முதல் வாரம் அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பிறகு உங்கள் இடது கை விழித்துக்கொண்டது. அம்மா துணி மாற்றும்போது அறை விழுந்தது. கஞ்சி ஊட்டும்போது தட்டு பறந்தது. மில்லில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து அடியும் வாங்கிக்கொண்டு, "அவியளுக்கு இயலாமைடி, அதான்" என்பாள். ஒருநாள் அவள் காதைப் பொத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் செண்பகத்தோப்பு போகும் வழியில் இருந்த ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பற்றி விசாரித்தேன்.

அந்த இல்லத்தின் மேனேஜர் நல்ல சட்டை போட்டிருந்தார். என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு படிவத்தை நீட்டினார். நம் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அம்மா பெருமையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கத்தில், நோயாளியின் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டால் அவரைக் கட்டுப்படுத்தலாம் என்று ஒரு வரி இருந்தது. எப்படிக் கட்டுப்படுத்துவார்கள் என்று கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதற்குள் அவர், "எல்லாருக்கும் உள்ள ஃபாரம்தாம்மா" என்றார். கையெழுத்துப் போட்டேன்.

பார்க்க வருவதற்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். நாங்கள் வரும்போது உங்களைச் சவரம் செய்து, பவுடர் பூசி, முழுக்கைச் சட்டை போட்டு உட்கார வைத்திருப்பார்கள். தறி ஓட்டுகிறவன் முழுக்கைச் சட்டை போட மாட்டான். சட்டைக்கையைத் தறி உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பயம். உங்கள் கல்யாணப் படத்தில்கூட நீங்கள் அரைக்கைதான். இது எனக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் நான், "சட்டை நல்லாருக்குப்பா" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் கூமாப்பட்டிக்காரர் ஒருவர் இருந்தார். பஸ் கண்டக்டராக இருந்தவர், இடுப்பு உடைந்தவர். நீங்கள் பாதி வாயால் சிரித்ததெல்லாம் அவர் பேச்சுக்குத்தான்.

"ஏட்டி பாப்பா, இது பாயிண்ட் டு பாயிண்ட் வண்டி. ஏறுனவன் பாதியில எறங்க முடியாது பாத்துக்கோ."

"சும்மா இருங்க தாத்தா" என்று அம்மா சிரித்தாள்.

"ஞாயித்துக்கெழம பவுடர் ஒங்களுக்குப் போடுறது தாயி, அவனுக்கில்ல. செத்த நேரம் ஒரு செவ்வாக்கெழம வந்து பாருங்க."

"பெருசு, வாய மூடுறியா?" என்று வாசலில் நின்ற செல்வம் சொன்னான். அங்கே உங்களைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவன்தான். சொல்லிவிட்டு எங்களைப் பார்த்து அவனும் சிரித்தான். நாங்களும் சிரித்தோம்.

ஒவ்வொரு ஞாயிறும், அவன் அறைக்குள் வந்ததும், நீங்கள் இடது உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மூன்று முறை அமுக்கினீர்கள். அம்மா, "அவிய என்னமோ சொல்லுதாவடி" என்றாள். செல்வம், "தறி நெனப்பு, பாட்டு மாதிரி நாள் முழுக்க இதேதான்" என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பேசிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். என்னைத்தான் வாயை மூடச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். ஐந்து ஞாயிறு நீங்கள் அமுக்கினீர்கள், ஐந்து ஞாயிறும் நான் கீழ்ப்படிந்தேன்.

அடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை. அலுவலக வேலையாக ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தவள், வேலை சீக்கிரம் முடிந்ததால் ஆட்டோ பிடித்து வந்தேன். கண்டக்டர் தாத்தா சொன்னது நினைவில் இருந்ததால் அல்ல, அந்தப் பக்கம் வந்துவிட்டுப் பார்க்காமல் போவது சரியில்லை என்றுதான். கேட்டில் ஆள் இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

உங்கள் உடம்பில் சட்டை இல்லை. இரண்டு கையும் கட்டிலின் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தது. அசைவு வராத வலது கையைக்கூடக் கட்டியிருந்தார்கள். இடது மணிக்கட்டில் துணி சதைக்குள் போயிருந்தது, பழைய ரத்தம் கறுத்துப்போய், மேலே புது ரத்தம். செல்வம் உங்கள் மூக்கைப் பிடித்தான். மூச்சுக்கு வாய் திறந்ததும் கரண்டியைத் திணித்தான். நீங்கள் துப்பினீர்கள். அவன் அறைந்தான். மறுபடி மூக்கு, மறுபடி கரண்டி. கோபம்கூட அவன் முகத்தில் இல்லை. வேலை செய்கிற முகம். துப்பினால் அறை, விழுங்கினாலும் அடுத்த வாய்க்கு முன்கூட்டியே ஓர் அறை. உங்கள் தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். முதல் அறையைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ ஒன்று, "இப்பத் தெரியுதா?" என்று கேட்டது. ஒரு நொடிதான். அடுத்த அறைக்கு அது செத்துப்போனது. ஆனால் இருந்தது.

எப்படி உள்ளே போனேன் என்று தெரியவில்லை. கண்டக்டர் தாத்தாவின் ஸ்டூலில் தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் செம்பு இருந்தது. அதை எடுத்தது நினைவில்லை. அது அவன் முகத்தில் இறங்கிய சத்தம் நினைவிருக்கிறது. தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து உங்கள் வயிற்றில் தெறித்தன. அவன் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான். இடது புருவம் பிளந்திருந்தது. அம்மாவுக்குப் பிளந்த அதே இடம்.

"போடுறி! இன்னொண்ணு போடு!" என்று கண்டக்டர் தாத்தா படுத்தபடியே கட்டில் சட்டத்தைத் தட்டினார்.

நான் மறுபடி ஓங்கினேன். அவன் கையைக் குறுக்கே வைத்துக்கொண்டு, "அக்கா, அக்கா" என்றான். என்னைவிட வயதில் மூத்தவன். அடிக்கத்தான் போனேன். அப்போது உங்களைப் பார்த்தேன். கட்டுக்குள்ளேயே உங்கள் இடது கை அசைந்தது. துணி சதையை அறுக்க அறுக்க, உள்ளங்கை கீழே போய் மேலே வந்தது. மூன்று முறை.

செம்பைக் கீழே வைத்தேன். அந்த ஐந்து ஞாயிறும் அப்போதுதான் எனக்கு விளங்கின. நீங்கள் நிறுத்தச் சொன்னது என்னை அல்ல, அவனை. உட்கார்ந்து உங்கள் கட்டை அவிழ்த்தேன். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தேன். கஞ்சி வாசமும் ரத்த வாசமும் வாயில் வந்தன.

ஆஸ்பத்திரியில் உங்கள் முதுகைத் திருப்பியபோது அம்மா பார்த்த புண்களைப் பற்றி எழுத மாட்டேன். அவள் உங்கள் மணிக்கட்டிலிருந்து எடுத்த துணியை விரித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "நம்ம பக்கத்துத் துணிதான்டி, நெசவப் பாரு" என்றாள். அதன் பிறகு ஒன்பது நாள் இருந்தீர்கள். அந்த ஒன்பது நாளில் உங்கள் கை யாரையும் அடிக்கவில்லை. அம்மா முகத்தைத் துடைக்கும்போது அவள் புருவத்தை விரலால் தடவினீர்கள். ஒரு தடவை இல்லை, பல தடவை. அவள் அசையாமல் குனிந்தபடியே இருந்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் முடிவு செய்யப்போவதில்லை. கைச்சைகையைப் படிப்பதில் எனக்கு இனி நம்பிக்கை இல்லை.

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில், அந்த இல்லத்தின் மீதும் செல்வத்தின் மீதும் நடக்கும் வழக்கில் நான் சாட்சி சொல்ல வேண்டும். கண்டக்டர் தாத்தாவை அவர் மகள் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டாள். அவரும் வருகிறார். "மொத பஸ்ஸுக்கே வாரேன் பாப்பா, எவன் டிக்கெட் கேக்கான்னு பாக்கேன்" என்று போனில் சொன்னார்.

எதிர்த்தரப்பு வக்கீல் என்ன கேட்பார் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் படிவத்தைக் காட்டி, இது உங்கள் கையெழுத்துத்தானே என்பார். செல்வத்தின் புருவத்தைக் காட்டுவார். பிறகு, "உங்க அப்பா வீட்ல அடிப்பாரா?" என்று கேட்பார். அடிக்கிற ஆளைக் கட்டிப்போடாமல் என்ன செய்வார்கள், அப்பனைப் போலத்தானே பிள்ளையும் என்று முடிப்பார்.

நேற்று மாமா வந்திருந்தார். "ஏட்டி, எங்கப்பா பசு மாதிரின்னு ஒரே போடா போட்டுட்டு வந்துரு. செத்தவனப் போயி எவன் கேக்கப்போறான்?"

"அப்ப எம் புருவத்த எங்க கொண்டுபோயி ஒளிக்கட்டும்ணே?" என்று அம்மா கேட்டாள். மாமா காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகு அம்மா என்னிடம், "நடந்தத நடந்தபடி சொல்லு. எனக்குச் சம்மதம். அவிய சம்மதத்துக்குத்தான் எங்க போக?" என்றாள்.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். என் விரலில் உங்கள் துணி இருக்கிறது. ஓங்கிய கையும் உங்களுடையது. அதைக் கீழே இறக்கிய கையும் உங்களுடையது. இரண்டையும் தூக்கிக்கொண்டுதான் நாளைக்குக் கூண்டில் ஏறப்போகிறேன்.

கேட்டால் "ஆமா, அடிப்பார்" என்று சொல்வேன். அம்மாவின் புருவத்தைச் சொல்வேன். என் கையெழுத்தைச் சொல்வேன். நான் அடித்ததையும் சொல்வேன். எல்லாம் சொல்லிவிட்டு, அப்படிப்பட்ட மனிதரையும் கட்டிப்போட்டு அடிக்க யாருக்கும் உரிமை இல்லை என்று சொல்ல வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம்தான் எனக்கு முக்கியம். அது வரை போய்ச் சேர என் குரல் தாங்க வேண்டும். கூட்டத்தில் எங்கோ நீங்கள் உட்கார்ந்திருப்பதுபோல எனக்குத் தோன்றும். தோன்றினால் என் வாய் தானாக நின்றுவிடும்.

உங்களிடம் இதுவரை நான் எதையும் கேட்டதில்லை அப்பா. நாளைக்கு மட்டும், நான் பேசி முடிக்கும்வரை, அந்தக் கையை மடியிலேயே வைத்திருங்கள்.