டென்சில் போனுக்கு வரும் மெசேஜ்

குளோரியா,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில். நான் அத்திபெலே தோட்டத்துக்குப் போகிறேன்.

என் மகன் டென்சில் இறந்த பிறகும் தோட்டத்து போர்வெல் மோட்டார் தானாக ஓடியது. "உங்க பையன்தான் தினமும் வந்து போட்றாரு சார்" என்று பக்கத்துத் தோட்டக்காரர் சிரித்தார். நம் வீட்டைப் பற்றி அப்படி ஒரு பேச்சா என்று, மோட்டாருக்கு அவன் வைத்த ரிமோட் பெட்டியின் சோலார் பேனலை நானே கழற்றினேன். உள்ளே பேட்டரி இருப்பது எனக்குத் தெரியாது. மறுநாளும் ஓடியது. அன்று மோட்டார் பக்கம் போகாமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

நேற்று நீயே சொன்னாய்: "நான்தான் அவர் போன்ல இருந்து போட்றேன் மாமா. மோட்டார் ஓடினா அதுக்கு மெசேஜ் வரும். இப்ப அவருக்கு வர்றது அது ஒண்ணுதான்." வெட்கமில்லையா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

பேட்டரி இன்றோடு தீர்ந்துவிடும் என்கிறார் மெக்கானிக். அதற்குள் பேனலை மாட்டிவிடுவேன்.

மாமா

பி.கு: பதினொரு மணிக்கு மோட்டாரைப் போடு. நான் போர்வெல் பக்கத்தில் நிற்பேன். மெக்கானிக்கை அதற்கு முன்பே அனுப்பிவிடுகிறேன். அந்த நேரத்தில் என்னை யாரும் பார்க்க வேண்டாம்.